பண ஆசைதான் மனநோய்க்குக் காரணமா?

"பணமும் அதிகாரமும் விரும்புகிறவர்களுக்கு மனநோய் வரும், உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் நிரூபித்துவிட்டார்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. அவர் அப்படிச் சொல்லவில்லை.

ஷ்வார்ட்ஸ் 1992-இல் மனிதர்களின் அடிப்படை விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் எது முக்கியம் என்று அவர்கள் நினைப்பவற்றை, 10 வகையாகப் பிரித்தார். அதிகாரம், சாதனை, பாதுகாப்பு, மரபு, பிறர்நலம் என்று போகும் அந்தப் பட்டியலில் நல்லது, நோய் தருவது என்ற பிரிவே கிடையாது. அவர் உருவாக்கிய ஒரு கேள்வித்தாளில், பணக்காரராக இருப்பதை முக்கியமாக நினைக்கும் ஒருவரைப் பற்றி இரண்டு வரி வரும். "இவர் எவ்வளவு தூரம் உங்களைப் போன்றவர்?" என்று கேட்பார்கள். ஆறு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். நோயைக் கண்டறியும் சோதனை அல்ல இது.

சரி, மனநலத்தோடு தொடர்பே இல்லையா? உண்டு. லிலாக் சாகிவ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2000-இல் ஷ்வார்ட்ஸ் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. வணிகவியல் மாணவர்களையும் உளவியல் மாணவர்களையும் ஒப்பிட்டபோது, ஒருவரின் விழுமியங்கள் அவர் இருக்கும் சூழலோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம் என்று தெரிந்தது. ஒரே விழுமியம் ஓரிடத்தில் ஊக்கமாகவும் இன்னோரிடத்தில் உரசலாகவும் ஆகலாம். அப்புறம், இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

என்னை வருத்துவது, "உன் ஆசைதான் உன் நோய்" என்று அவதிப்படுகிறவர் மீதே அந்தச் செய்தி பழி போடுவதுதான். உதாரணமாக, மன அழுத்த நோய்க்கு (டிப்ரெஷன்) உடல், மனம், சமூகம் என்று பல காரணங்கள் பின்னியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு.