அந்த 30 பேரைப் பற்றி எழுதுங்கள்

ஜூலை மாதம் வந்தால் கப்டன் பென் சாலமனின் படம் எங்காவது கண்ணில் படும். அமெரிக்க இராணுவத்தின் பல் வைத்தியர். படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே வரிதான்: தனி ஆளாக 98 எதிரிகளைச் சுட்டு வீழ்த்தினார், உடம்பில் 76 குண்டுக் காயங்கள். ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. எழுதுபவர்கள் அவரைப் புகழத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவர் யாருக்காகச் செத்தார் என்பது அந்த வரியில் இல்லையே!

சாலமன் 1914இல் பிறந்தவர். 1937இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படித்து முடித்தார். 1940இல் கட்டாய ஆட்சேர்ப்பில் இராணுவம் அவரைக் கூப்பிட்டது, அதுவும் சாதாரண காலாட்படைச் சிப்பாயாக. சுடுவதில் கெட்டிக்காரர். சார்ஜன்ட் ஆகி, இயந்திரத் துப்பாக்கிப் பிரிவு ஒன்றுக்குப் பொறுப்பாகவும் இருந்தார். 1942இல் பல் வைத்தியப் பிரிவுக்கு அதிகாரியாக எடுத்தபோது, காலாட்படையிலேயே இருந்துவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். விடவில்லை. 105ஆவது காலாட்படை ரெஜிமன்ட்டின் பல் வைத்தியரான பிறகும், காலையில் சிப்பாய்களின் பல்லைப் பார்ப்பார், பின்னேரம் அவர்களோடு பயிற்சிக்குப் போவார்.

"பல் டொக்டருக்கு யுத்தத்தில என்ன வேலை?" என்று என் மச்சான் ஒருமுறை கேட்டார். முதலாம் உலக யுத்தத்தில், 1914 ஆகஸ்டில் பிரான்சுக்குப் போன பிரித்தானியப் படையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒரு பல் வைத்தியரைக்கூடக் கொண்டுபோகவில்லை. ஒக்டோபரில் ஜெனரல் டக்ளஸ் ஹெய்க்குக்கே பல்வலி வந்து, பாரிசிலிருந்து வைத்தியரைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் பல் வைத்தியர்களை அனுப்பத் தொடங்கினார்கள். இரவு முழுக்கக் கடைவாய்ப் பல் குத்தி, விடிந்ததும் விடியாததுமாக வோர்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்கு ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பதுங்குகுழியில் கிடப்பவன் எங்கே ஓடுவான்?

சரி, சாலமன் இறந்த சைப்பானுக்கு வருவோம். பசிபிக் கடலில் ஒரு தீவு. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944 ஜூனில் அங்கே சண்டை தொடங்கியது. அந்த நேரத்தில் பல்லைக் காட்ட யார் வரப்போகிறார்கள்? இரண்டாவது பட்டாலியனின் வைத்தியர் காயப்பட்டபோது, அவருடைய இடத்துக்கு நான் போகிறேன் என்று சாலமன் தானாகவே முன்வந்தார். ஜூலை 7 விடியற்காலை ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கில் பாய்ந்தார்கள். கடைசித் தாக்குதல், செத்து முடியுங்கள் என்று அனுப்பப்பட்டவர்கள். சில நிமிடங்களுக்குள் சாலமனின் சின்னக் கூடாரத்தில் ஏறக்குறைய 30 காயக்காரர். நடந்து வந்தவர், தவழ்ந்து வந்தவர், தூக்கிவரப்பட்டவர். நிலத்தில் கிடந்த ஒரு காயக்காரரை ஜப்பானியச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிக் கத்தியால் குத்துவதைக் கண்டபோதுதான் சாலமன் சுட்டார். கூடாரத்துக்குள் புகுந்தவர்களோடு கைகலந்தார். இனி முடியாது என்று தெரிந்ததும், எப்படியாவது பின்னாலுள்ள வைத்திய நிலையத்துக்குப் போய்ச் சேருங்கள், நான் தடுத்து நிற்கிறேன் என்று காயக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். இயந்திரத் துப்பாக்கியில் இருந்தவர்கள் இறந்துபோக, அதில் தானே உட்கார்ந்தார். அங்கேயே இறந்தார். வயது 29.

அந்த 30 பேர் போவதற்கு நேரம் வேண்டியிருந்தது. 98 என்ற கணக்கு அதனால் வந்தது. அந்த 98 பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். இத்தனை வருட யுத்தத்தைப் பார்த்த நாட்டில் இருந்துகொண்டு, செத்தவர் தொகையைச் சொல்லிக் கைதட்ட என்னால் முடியாது.

அமெரிக்காவின் மிக உயர்ந்த இராணுவ விருதான மெடல் ஒஃப் ஒனர் பதக்கத்துக்குச் சாலமனைப் பரிந்துரைத்தபோது டிவிஷன் தளபதி ஜோர்ஜ் கிரைனர் மறுத்துவிட்டார். செஞ்சிலுவைப் பட்டி கட்டிய வைத்திய அதிகாரி ஆயுதம் தூக்கக் கூடாது, ஜெனீவா உடன்படிக்கை விடாது என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் தன்னையும் தன் பொறுப்பில் இருக்கும் காயக்காரரையும் காக்க வைத்தியப் பணியாளர் ஆயுதம் எடுக்கலாம் என்று 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. கிரைனர் அந்த உடன்படிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதே என் உறுதியான எண்ணம். பதக்கம் கிடைத்தது 2002 மே மாதத்தில், ஏறக்குறைய 58 ஆண்டுகள் கழித்து. அதை வாங்க நெருங்கிய சொந்தம் யாரும் மிஞ்சவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் படித்த இன்னொரு பல் வைத்தியர்தான் பெற்றுக்கொண்டார்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டபோது, நோயாளரோடு சேர்த்து 21 பணியாளர்களும் கொல்லப்பட்டார்கள். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மறுநாள் காலை கைகளை உயர்த்திக்கொண்டு, நாங்கள் வைத்தியசாலை ஆட்கள் என்று சொல்லியபடி தாதியரோடு நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள். ஒருவர் கையை உயர்த்தினார், ஒருவர் துப்பாக்கியை எடுத்தார். இருவருமே தங்களை நம்பிக் கிடந்தவர்களை விட்டு ஓடவில்லை. சிவபாதசுந்தரத்தை நினைக்கும்போது நோயாளரை விட்டுப் போகாத மனிதர் என்றுதானே சொல்கிறோம்? சாலமனையும் அப்படியே சொல்லலாமே.

பேராதனையில் பல் வைத்தியம் படிக்கும் என் அக்காவின் மகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த ஜூலையில் நீங்களும் அவர் படத்தைப் போடுங்கள். கீழே 105ஆவது ரெஜிமன்ட், சைப்பான், 30 காயக்காரர் என்று எழுதுங்கள்.