சபையில் பேசப்பட்டதை ஊருக்கு யார் சொல்வது?

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் பிரதான வீதியை ஒட்டி நீண்டு கிடக்கும் ஒரு சிறு பட்டினம். யார் வீட்டில் மரணம், எந்தச் சந்தியில் விபத்து, எந்தக் கோயிலில் என்றைக்குத் திருக்கதவு திறக்கிறது என்பதெல்லாம் சற்று நேரத்துக்குள் எல்லாருடைய கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆனால் சென்ற மாதப் பிரதேச சபைக் கூட்டத்தில் எந்த வீதிக்குப் பணம் ஒதுக்கப்பட்டது, எந்தப் பிரேரணை தோற்றது, அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தியவர்கள் யார் என்று சந்தையில் நிற்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்காது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், சங்கத் தலைவர்கள் என்று யாரைக் கேட்டாலும் நிலைமை இதுதான். எங்கள் அன்றாட வாழ்க்கையை மிக அருகில் இருந்து தீர்மானிக்கும் சபையைப் பற்றியே எங்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறது என்பது நீண்ட காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஊரின் பெயரில் முகநூல் பக்கங்களை நடத்தும் இளைஞர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது எந்த வீதியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பாடசாலையில் மக்கள் தங்கியிருக்கிறார்கள், எங்கே சமைத்த உணவு தேவைப்படுகிறது என்பதை எங்களுக்குச் சொன்னவர்கள் அவர்கள்தாம். அவசரமாக இரத்தம் தேவை என்று அவர்கள் ஒரு பதிவு போட்டால் வைத்தியசாலை வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். மரண அறிவித்தலும் செய்திதான். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றிச் செய்த வேலையில் ஒரு பங்கை இன்று அந்தப் பக்கங்கள் செய்கின்றன. விபத்தில் இறந்தவரின் முகம், அவருடைய தாய்க்குத் தகவல் போய்ச் சேருமுன்பே படமாகப் பரவுவதை மட்டும் எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது. அது நிறுத்தப்பட்டே ஆக வேண்டும். மற்றபடி அவர்கள் செய்வது தேவையான பணி. ஊர்ச் செய்தி என்பது அத்தோடு முடிந்துபோவதுதான் குறை.

எங்கள் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். கொங்கிரீட் வடிகான் கட்டுவதற்காக ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுவதும் தோண்டப்பட்டது. பாதித் தூரம் கட்டியதும் வேலை நின்றுவிட்டது. கம்பிகள் துருவேறி மேலே நீட்டிக்கொண்டிருக்க, கடைக்காரர்கள் ஆளுக்கொரு பலகையைக் குறுக்கே போட்டுக்கொண்டார்கள். மருந்துக்கடைக்கு வரும் முதியவர்கள் கடைப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பலகையைக் கடந்தார்கள். ஒப்பந்தகாரர் பணத்தோடு போய்விட்டார் என்றது ஒரு கதை. உறுப்பினர் ஒருவர் பங்கு கேட்டார் என்றது இன்னொரு கதை. மாற்றுக் கட்சிக்காரர் வழக்குப் போட்டுத் தடுத்துவிட்டார் என்பது வேறொன்று. எங்கள் தெருவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். வந்த பதில் மிகச் சாதாரணமானது: வடிகான் செல்லும் வழியில் குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கிட்டிருக்கிறது, அதை இடம் மாற்றும் செலவு மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை, திருத்திய மதிப்பீடு அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அவர் அந்தப் பதிலின் பிரதியை வாசிகசாலைப் பலகையில் ஒட்டினார். அன்று மாலை அதற்கு முன்னால் நின்று வாசித்தவர்களின் பேச்சே வேறாக இருந்தது. யார் களவெடுத்தார் என்ற கதை அடங்கி, நிலத்தின் கீழ் குழாய் இருப்பதைப் பாராமல் எப்படி மதிப்பீடு தயாரித்தார்கள், திருத்திய மதிப்பீடு இப்போது யாருடைய மேசையில் கிடக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சபையில் பதில் சொல்லியாக வேண்டும். வதந்திக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆசிரியர் பயன்படுத்திய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பிரஜை எவரும் காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகக் கையில் இருக்கும் இந்த உரிமையை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் மக்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. கோயில் பொதுக்கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கோயில் நிருவாகியான வண்ணக்கர் எழுந்து வரவு செலவை வாசிக்கும்போது, சடங்குக்கு வாங்கிய பூவுக்கும் வாழைக்குலைக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுத்த தொகை ஒவ்வொன்றையும் குடிக்குக் குடி (தாய்வழிக் குலத்துக்குக் குலம்) எழுந்து நின்று கேட்பார்கள். இதே பந்தல் போன வருடம் இதைவிடக் குறைவான காசுக்கு முடிந்ததே என்று நினைவில் வைத்துக் கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் இந்த அனுபவம் உண்டு என்று அயல் ஊர் நண்பர்கள் சொல்வார்கள். அதே மனிதர்கள், தாங்கள் வீடு வளவுகளுக்குக் கட்டும் சோலைவரியிலும் சந்தைக் கட்டணத்திலும் நடக்கும் சபை அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும்போது திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நம்பவில்லை. கோயில் கணக்கு அவர்கள் முகத்துக்கு முன்னால் வாசிக்கப்படுகிறது; சபைக் கணக்கை வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை.

இடையில் சபையே இல்லாத காலமும் ஒன்று வந்து போனது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, உறுப்பினர்கள் இல்லாமலே நிருவாகம் நடந்தது. கூட்டமே இல்லாதபோது கூட்டத்தைப் பற்றி விசாரிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

மாரிகாலத்தில் இந்தக் குறை மிகப் பெரிதாகத் தெரியும். மட்டக்களப்பு வாவி நிறைந்து அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல் வட்டைகளில் வெள்ளம் தேங்கும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்ற கேள்வி எழுகிறது. வேளாண்மைக்காரருக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் பயிர் அழுகும் நாள்; வாவியில் வலை போடுபவருக்கோ, நீர் சட்டென்று இறங்கினால் மீனும் இறாலும் என்னவாகும் என்ற கவலை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நீர் எந்த மட்டத்தில் இருந்தபோது முடிவெடுத்தார்கள், அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், விவசாயிகளின் சார்பில் பேசியது யார், மீனவர் சங்கம் என்ன சொன்னது என்பதை ஒருவர் நிதானமாக எழுதிவைத்தால், அடுத்த மாரியில் அதை எடுத்துக் காட்டிப் பேசலாம். எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இயந்திரம் மணலைத் தள்ளும் படமும், அதன் கீழே இரு தரப்பும் ஏசிக்கொள்ளும் பின்னூட்டங்களும்தான்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்துகொண்டிருந்தபோது, அரபுக் கல்லூரி மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகளைத் தேடிய நாட்களில் எங்கள் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் எவரும் சரியாக உறங்கவில்லை. ஒவ்வோர் ஊரிலும், வெள்ளம் மேவும் வீதியில் போக்குவரத்தை நிறுத்துவது யாருடைய பொறுப்பு, நீர் எவ்வளவு ஏறினால் நிறுத்த வேண்டும், தடுப்புப் போட்டுக் காவல் நிற்பது யார் என்று அடுத்த மாரி வரும்வரை விடாமல் கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். இந்தக் கரையில் அப்படிப்பட்ட வீதிகள் ஒன்றிரண்டு அல்ல.

பொய்ச் செய்தியின் விலையும் எங்களுக்குத் தெரியும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளப்பிய வதந்தியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று தெரியவந்தது. அதற்குள் நடக்க வேண்டிய சேதமெல்லாம் நடந்து முடிந்திருந்தது. எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. சில இடங்களில் எல்லை ஓர் ஒழுங்கைதான். ஆனாலும் வட்ஸ்அப் குழுக்கள் தனித்தனி, முகநூல் பக்கங்கள் தனித்தனி. அயல் ஊரைப் பற்றிய செய்தி எங்களுக்கு வருவது பெரும்பாலும் மனக்கசப்பு வந்த நாளில் மட்டுமே. ஒரே குப்பை மேட்டின் புகையை இரு ஊர்ப் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள் என்பதையும், அதைப் பற்றி இரு ஊர் உறுப்பினர்களும் சபையில் ஒரே குரலில் பேசினார்கள் என்பதையும் எவரும் எழுதுவதில்லை.

செய்தி எழுதியதற்காக உயிரையே கொடுத்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். வீரகேசரியின் மட்டக்களப்பு நிருபராக இருந்த ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் உடலாகக் கண்டெடுக்கப்பட்டார். இருவருடைய குடும்பங்களுக்கும் இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. நினைவுநாளில் விளக்கேற்றுகிறோம், அவர்கள் செய்த தொழிலை இன்று செய்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. பிராந்திய நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது; பிரசுரமாகும் செய்திக்கு ஏற்ப ஒரு சிறு தொகை வரும். 2022 நெருக்கடியில் அச்சுத்தாள் விலை ஏறியபோது பத்திரிகைகளின் பக்கங்களும் குறைந்தன. அந்தப் பக்கங்களில் எங்கள் ஊர் வடிகானுக்கு இடம் கேட்பது நியாயமில்லை. எங்கள் ஊருக்கான எழுத்தை நாங்கள்தான் தாங்க வேண்டும்.

அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு மின்விளக்கும் வெற்றிக் கிண்ணமும் தரும் வர்த்தகர்கள் இதற்கும் தருவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் தருபவரின் பெயரை எல்லாருக்கும் தெரியப்படுத்திவிட்டுத்தான் பணத்தை வாங்க வேண்டும். கட்சிப் பதவியில் இருப்பவர் எழுதக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்காமல் ஒரு வரியும் போகக் கூடாது. எழுதுபவர்களில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். நுண்கடன் வசூலிக்க வருபவர்கள் வாசலில் நின்று பேசும் பேச்சும், கிளினிக்கில் காலையிலிருந்து காத்திருக்கும் தாய்மாரின் கஷ்டமும் ஆண்கள் மட்டும் எழுதும்வரை செய்தியாகப் போவதில்லை.

சபையின் அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு நான் போகிறேன். அங்கே கேட்டவற்றை, எந்த உறுப்பினரையும் புகழாமலும் இகழாமலும், அன்றிரவே இங்கே எழுதுவேன். கூட வந்து குறிப்பெடுக்க விரும்பும் தம்பிமாரும் தங்கைமாரும் உட்பெட்டியில் எழுதுங்கள். நாளும் நேரமும் உறுதியானவுடன் அறியத் தருகிறேன்.