முயலுக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும்

"முயலுக்குத் தண்ணீரே தேவையில்லை, கரட்டும் மரக்கறிக் கழிவும் போதும், ஏழு வயதுப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படியில்லை அண்ணே. இதை நம்பி யாரும் பிள்ளைக்கு முயல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

முயலுக்கு எந்நேரமும் சுத்தமான தண்ணீர் வேண்டும். அது குறைந்தால் தீனி எடுப்பதும் குறையும், குடல் மந்தமாகும். அரை நாளாக எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

முக்கிய உணவு புல்தான். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும், புல்லை மென்றால்தான் தேயும். கரட் இனிப்பு, எப்போதாவது ஒரு துண்டு போதும். நுவரெலியாப் பக்கம் வீட்டில் மிஞ்சுகிற லீக்ஸ், வெங்காயத்தாள், உருளைக்கிழங்குச் செடியின் இலை எல்லாம் அதற்கு நஞ்சு. தேயிலை மலையில் களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லும் ஆகாது. எங்கே அடித்தார்கள் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பெரியவர்தான் விசாரித்து அறுக்க வேண்டும்.

குளிரை முயல் தாங்கும், ஈரமும் கூதல் காற்றும்தான் ஆகாது. அப்புறம், காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்துக்குக் கீழே. பிடி சரியில்லாமல் உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். சின்னப் பிள்ளை தரையில் உட்கார்ந்து தடவட்டும், தூக்குவது உங்கள் வேலை.

நன்றாகப் பார்த்தால் 8 முதல் 12 வருடம் வாழும். பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது கூடு கழுவப்போவது யார் என்று வாங்குமுன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.