கோட்லினில் ‘நல்’ அனுமதிக்காத வகை என்பதாலேயே பாதுகாப்பா?

கோட்லின் நிரல்மொழியில் ஒரு வகைக்குப் பின் கேள்விக்குறி போட்டால்தான் அது ‘நல்’லை, அதாவது மதிப்பே இல்லாத நிலையை, ஏற்கும். ஜேசன் என்ற உரை வடிவத் தரவை நிரலின் பொருள்களாக மாற்றும் நூலகம் ஜிசான். “டேட்டா கிளாஸில் (தரவை வைத்திருக்கும் கிளாஸில்) கேள்விக்குறி போடாமல் ஸ்ட்ரிங் என்று அறிவித்துவிட்டால் போதும், ஜேசனில் அந்தப் புலம் இல்லாவிட்டால் ஜிசான் அங்கேயே பிழை காட்டிவிடும், இயல்பு மதிப்பு கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளும்” என்று மேலே நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஜிசான் ஜாவாவுக்காக எழுதப்பட்டது. கோட்லினின் கேள்விக்குறி அதன் கண்ணில் படுவதே இல்லை. அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும்போது ஓடும் நிரல்பகுதி) கிளாஸில் இல்லையென்றால், எந்தக் கன்ஸ்ட்ரக்டரையும் அழைக்காமல் ‘அன்சேஃப்’ என்ற ஜாவாவின் உள் வசதி வழியாக வெறும் பொருளை உருவாக்கிவிடும். பெயர் (ஸ்ட்ரிங்), எண்ணிக்கை (இன்ட், இயல்பு மதிப்பு 1) என்று இரண்டு புலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெற்று ஜேசனைக் கொடுத்தால் பெயர் நல், எண்ணிக்கை 0. நீங்கள் எழுதிய 1 போன இடம் தெரியாது. பிழையும் அங்கே வராது. பிறகு வேறொரு திரையில் பெயரின் நீளத்தைக் கேட்கும் வரியில் செயலி விழும். அந்த வரியை எத்தனை முறை வெறித்துப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எல்லாப் புலங்களுக்கும் இயல்பு மதிப்பு கொடுத்தால் கோட்லினே அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை உருவாக்கும். அப்போது 1 கிடைக்கும். நண்பர் அதைத்தான் சோதித்திருப்பார் போலும். ஆனால் ஜேசனிலேயே பெயருக்கு நல் என்று வந்தால் அப்போதும் நல்தான்.

நண்பர் சொல்லும் நடத்தை வேண்டுமென்றால் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் என்ற நூலகத்தைப் பயன்படுத்துங்கள்; கட்டாயப் புலம் விடுபட்டால் அது அந்த இடத்திலேயே பிழை எறியும். மோஷி என்ற நூலகமும் அப்படியே, அதன் கோட்லின் அடாப்டரை (கோட்லின் வகைகளைப் புரிந்துகொள்ள உதவும் இணைப்பை) சேர்த்திருந்தால்.