ஒரே ஊசியில் பத்து வயது குறையுமாம்!

போடாக்ஸ் ஊசி விளம்பரங்களில் இதைக் கூசாமல் சொல்கிறார்கள், கேட்டாலே எரிச்சலாக வருகிறது. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. முகம் சுளிக்கும்போது விழும் கோடுகள் அதனால் குறையும். தொங்கும் தாடையையும் வெயிலில் வந்த கரும்புள்ளியையும் அது தொடாது. முழுப் பலன் தெரிய 2 வாரம் ஆகும், 3-4 மாதத்தில் தீர்ந்துவிடும், பிறகு மறுபடி ஊசி. இதை முதலிலேயே சொன்னால் என்ன?

ஃபில்லர் வேறு, முகத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப ஊசியில் ஏற்றும் ஜெல். தப்பித்தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் செத்துப்போகும், அரிதாகப் பார்வையே போகும். ஹையலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் மருந்து ஊசி போடும் அறையிலேயே இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி போடுபவர் பதில் தெரியாமல் விழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சன்ஸ்கிரீனைக் கடுகளவு தடவிவிட்டு "பலனே இல்லை" என்பவர்கள் இன்னொரு பக்கம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும், வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. சுருக்கத்துக்குத் தடவும் வைட்டமின் ஏ வகை க்ரீமான ரெட்டினாய்டு பட்டாணி அளவு போதும், வாரம் 2 இரவில் தொடங்கணும். எடுத்தவுடன் தினமும் அப்பினால் தோல் உரிந்து எரியும். கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது.

ஊசி போடுவது அவரவர் விருப்பம். சுருக்கத்தோடு நிம்மதியாக இருப்பவரிடம் போய் "ஏதாவது பண்ணிக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.