ஹைப்ரிட் தக்காளி விதை முளைக்காதா?

“ஹைப்ரிட் தக்காளி மரபணு மாற்றப்பட்டது, அதன் விதை முளைக்காது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றத் தக்காளி எதுவும் இல்லை.

ஹைப்ரிட் உருவாவது கைவேலையால்தான். மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பிரித்து, உள்ளே கூம்பாக நிற்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். பிறகு எஞ்சிய சூல்முடியில் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவார்கள். அந்தக் காயில் கிடைப்பதுதான் எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பு விதை. பாக்கெட் விதையின் இளஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லிப் பூச்சு. அதைக் கண்டும் பலர் பயப்படுகிறார்கள்.

ஹைப்ரிட் பழத்தின் விதை நன்றாகவே முளைக்கும். ஆனால் இரு ரகங்களின் குணங்களும் அடுத்த தலைமுறையில் பிரிந்து வருவதால், பத்துச் செடி வைத்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் நோய் எதிர்ப்பும் போய்விடும். அதனால்தான் மறுமுறையும் புது விதை வாங்கச் சொல்கிறோம்.

விதை சேமிக்க விரும்பினால் பெரியகுளத்தின் பிகேஎம் 1 தக்காளி ரகம் போதும்; அது ஹைப்ரிட் அல்ல. நன்கு பழுத்த பழத்தின் விதைக்கூழை ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் உங்கள் மாடித் தோட்டத்தில் ஆண்டுதோறும் வருகிறதென்றால், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ஹைப்ரிட்டைத் தயங்காமல் எடுங்கள். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். செடிக்கு 15 லிட்டர் மண்கலவை கொடுத்து, காய் கனக்கும் முன்பே குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.