டோக்கியோவில் டைசன் தோற்றதற்குச் சாக்கு வேண்டாம்

ஹட்டன் பக்கம் எந்த சலூனில் உட்கார்ந்தாலும், குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால் அது மைக் டைசனிடம்தான் போய் நிற்கும். எங்கள் ஊர் மாமாமாரைப் பொறுத்தவரை டைசன் தோற்கவே இல்லை. 1990 பெப்ரவரி 11 இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றாரே என்று வாயெடுத்தால் போதும், "அது சதி தம்பி, நடுவர் மெதுவா எண்ணினான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, அது இளவட்டம். "பஸ்டர் டக்ளஸிடம் தோற்றவன் எல்லாம் ஒரு சாம்பியனா?" என்று கேட்கும். எனக்கு இரண்டு பேச்சிலும் உடன்பாடில்லை.

முதலில் மாமாமாருக்கு. எட்டாவது சுற்றின் முடிவில் டைசனின் அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே தாடைக்கு ஏற்றும் குத்து) டக்ளஸ் விழுந்தார். நடுவர் எண்ணத் தொடங்கியது கொஞ்சம் பிந்தித்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் விழுந்தவன் பார்க்க வேண்டியது நடுவரின் விரலைத்தான். பத்து எண்ணி முடிந்தால் தோல்வி, டக்ளஸ் ஒன்பதில் எழுந்தார். சரி, அப்புறம் என்ன நடந்தது? அடுத்த சுற்றிலும் டக்ளஸ்தான் அடித்தார். பத்தாவதில் டைசன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரையில் விழுந்து, தவழ்ந்து, பல்லுறையைத் தேடி எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் கடித்தபடி எழப் பார்த்தார். அந்த ஒரு காட்சிக்கு முன்னால் இரண்டு வினாடிக் கணக்கு எடுபடாது.

"பயிற்சி இல்லாமல் போனான், இல்லாவிட்டால் கதையே வேற" என்பதுதான் இவர்களுடைய அடுத்த சாக்கு. இது டைசனுக்கு ஆதரவான வாதமா என்ன? வீங்கிய கண்ணை அமுக்கும் குளிர்ந்த இரும்பைக்கூட அவருடைய ஆட்கள் கொண்டுவரவில்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி ஒத்தடம் கொடுத்தார்கள். (தோட்டத்து டிஸ்பென்சரியில்கூட இதைவிட நல்ல வைத்தியம் கிடைக்கும்.) ஆனால் அப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டது யார்? கெவின் ரூனி என்ற பயிற்சியாளரை 1988 இல் விலக்கியது யார்? எதிரில் நின்றவரோ அம்மா இறந்து 23 நாள்தான் ஆன மனிதர். பந்தயம் கட்டியவர்களால் 42க்கு 1 என்று, வெல்ல வாய்ப்பே இல்லாதவராக ஒதுக்கப்பட்டவர். நீளமான கையால் ஜாப் (நேராக நீட்டும் குத்து) போட்டுப் போட்டே டைசனைக் கிட்ட நெருங்க விடவில்லை. சாக்குச் சொல்லிச் சொல்லியே அந்த மனிதரின் உழைப்பைக் களவெடுக்கிறோம்.

இனி இளவட்டத்துக்கு. நம்ம கண்டி முரளி 2007, 2011 என்று இரண்டு உலகக்கிண்ண இறுதிப் போட்டியிலும் ஆடினார், இரண்டிலும் தோற்றோம். அதற்காக 800 விக்கெட்டில் ஒன்றையாவது கழிக்கிறோமா? 20 வயதில் ஹெவிவெயிட் பட்டம் எடுத்தவர் டைசன். முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸ் ஆடிய 75 சண்டையில் அவரை முழுநேரம் நிற்கவிடாமல் முடித்த ஒரே ஆள். மைக்கல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் அனுப்பியவர். டோக்கியோ இதில் எதையும் அழிக்காது. 58 வயதில் யூடியூபர் ஜேக் போலிடம் தோற்றதையோ நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, அது காசுக்கு நடந்த வேடிக்கை.

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் 1936 இல் ஷ்மெலிங்கிடம் தோற்றார். 1938 இல் அதே ஆளை முதல் சுற்றிலேயே முடித்தார். ஏழே சண்டை அனுபவமுள்ள லியோன் ஸ்பிங்க்ஸிடம் அலி பட்டத்தை இழந்து, ஏழு மாதத்தில் திரும்ப எடுத்தார். தன்னைத் தோற்கடித்த ரஹ்மானுக்கு லெனொக்ஸ் லூயிஸும் அதே வருடமே பதில் சொன்னார். டைசன்? டக்ளஸுடன் மறுபடி மோதவே இல்லை. அதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, டக்ளஸ் ஹோலிஃபீல்டிடம் போய் மூன்றாவது சுற்றில் பட்டத்தைப் பறிகொடுத்துவிட்டார். ஆனால் 1996 இல் ஹோலிஃபீல்டிடம் தோற்றபின் மறுசந்தர்ப்பம் கிடைத்ததே. 1997 இல் நடந்த அந்த மறுமோதலில் டைசன் அவர் காதைக் கடித்துத் தகுதியிழந்தார். தன்னைத் தோற்கடித்த ஒருவரையும் டைசன் திருப்பித் தோற்கடித்ததில்லை.

வரிசை போடச் சொன்னால் ஜோ லூயிஸ், அலி, ஹோம்ஸ், லெனொக்ஸ் ஆகியோருக்குப் பின்னால்தான் டைசனை வைப்பேன். 1986 முதல் 1988 வரை மட்டும் என்றால் யாருக்குப் பின்னால் வைக்கவும் மனம் வராது. கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் வாருங்கள், ஆனால் டோக்கியோவின் பத்துச் சுற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசி முப்பது வினாடி கிளிப்பை மட்டும் தயவுசெய்து இங்கே ஒட்டாதீர்கள்.